கண்டவர் வாயை அடைத்தால் கண்டது பொய்யாகுமோ?

(கொலையுண்ட பத்திரிகையாளர்களை நினைவுகூர்ந்து நவம்பர் 2ஆம் நாள் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



பத்திரிகையாளருக்கு எதிரான குற்றங்கள் தண்டனையின்றிப் போவதைத் தடுக்கும் நாளாக நவம்பர் 2ஆம் நாளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013ஆம் ஆண்டின் இறுதியிலே பிரகடனஞ் செய்தது. அந்த நாளிலே நாம் கூடியிருக்கிறோம். இறந்தாரின் புகழ் பாடிக் கலைந்து செல்வதாயின் இக்கூட்டம் வேண்டியதில்லை. அவர்கள் ஏன் கொல்லப்பட்டனர், கொன்றவர் ஏன் தண்டிக்கப்படவில்லை, அதில் எமக்கும் ஒரு பங்கு உண்டா என்ற மூன்று வினாக்களுக்கு விடை தேடவே வந்திருக்கிறோம்.

எல்லைக் கல்லும் சாட்சியும்

நாம் தொழில் தொடங்கிய காலத்தில் முதிய கமக்காரர் ஒருவர் எல்லை வழக்கொன்றுடன் எம்மிடம் வந்தார். அவருடைய தகப்பனார் காலத்தில் நட்ட கல் இரண்டு, ஒரே இரவில் ஐந்து முழம் உள்ளே நகர்ந்துவிட்டன. கையில் உறுதி இருந்தது. ஆனால் உறுதியிற் சொன்ன எல்லை மரங்கள் எப்போதோ பட்டுப்போயின. கண்கண்ட சாட்சி ஒருவரே இருந்தார். விடியற்புறத்திலே பனையேறிய சீவல் தொழிலாளர் அவர். கல்லைப் பெயர்த்தவர்களை மரத்தின் உச்சியிலிருந்து கண்டிருக்கிறார்.

வழக்குத் தாக்கலாயிற்று. கல்லை நகர்த்தியவர் என்ன செய்தார்? காணிக்காரரைத் தேடிப் போகவில்லை. சட்டத்தரணியாகிய எம்மையும் தேடி வரவில்லை. அந்தச் சீவல் தொழிலாளரின் வாசலுக்கே இரவில் ஆள் அனுப்பினார்.

கள்வன் எதற்கு அஞ்சுகிறான் என்பதை அன்றுதான் நாம் கற்றோம். காணிக்காரனுடைய கோபத்துக்கோ சட்டப் புத்தகத்துக்கோ அவன் அஞ்சுவதில்லை. கண்டவனுக்கே அஞ்சுகிறான். அந்த வழக்கின் முடிவை இறுதியிற் சொல்வோம்.

ஒரு காணிக்கு அந்தச் சீவல் தொழிலாளர் எப்படியோ, ஒரு நாட்டுக்குப் பத்திரிகையாளர் அப்படியே. நாம் வயலிலும் கந்தோரிலும் ஆசுபத்திரியிலும் எமது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, உயர ஏறி நின்று ஊரைப் பார்ப்பதும், கண்டதை வந்து சொல்வதும் அவருடைய தொழில். எனவே வன்செயல் தலையெடுத்த நாட்டில் பத்திரிகையாளரைக் கொல்வது தனியொரு மனிதனைக் கொல்வதோடு முடிவதில்லை. அது ஊராருக்குச் சொந்தமான சாட்சியத்தை அழிப்பதாகும். இதுவே நாம் இன்று சொல்ல வந்த கருத்து.

திருகோணமலையில் நடந்தது

சொன்னதற்குச் சான்று வேண்டுமன்றோ? திருகோணமலைக்குச் செல்வோம்.

2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையிலே மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று அதிகாரத் தரப்பிற் சொல்லப்பட்டது. அந்தக் கதை அப்படியே நின்றிருந்தால், இறந்த பிள்ளைகளே குற்றவாளிகளாகியிருப்பர். பெற்றோர் அழுவதற்கும் அஞ்சியிருப்பர். ஆனால் 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குச் சென்று உடல்களைப் படமெடுத்தார். படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. மிக அண்மையில் நின்று துப்பாக்கியாற் சுட்ட காயங்களை நாடே கண்டது. கைக்குண்டுக் கதை சரிந்து விழுந்தது.

அதே ஜனவரி மாதம் 24ஆம் நாட் காலை, வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்து நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் வெளிவந்த மாதம் முடியுமுன்னே படம் பிடித்தவர் மாண்டார்.

பின்னர் அந்த வழக்கு என்னவாயிற்று? 2013ஆம் ஆண்டிலே விசேட அதிரடிப் படையினர் பன்னிருவரும் பொலிஸ் அதிகாரி ஒருவருமாகப் பதின்மூவர் கைது செய்யப்பட்டனர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலை 3ஆம் நாள், போதிய சாட்சியம் இல்லை என்ற காரணத்தால் பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர்.

போதிய சாட்சியம் இல்லை! சட்டத்தின் மொழியிலே இது மூன்று சொல்லுள்ள ஒரு வாக்கியம். அதன் உள்ளே இருப்பது யாது? படமெடுத்தவர் மண்ணுக்குள். கண்டவர் சிலர் கடல்கடந்த நாட்டில். எஞ்சியோர் வாய்திறக்க அஞ்சி வீட்டில். அந்த மாணவர் கொல்லப்பட்ட காலத்தில், சாட்சிகளைக் காக்க இந்நாட்டிலே தனிச் சட்டமே இருக்கவில்லை. குற்றத்தாற் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் முதலாவது சட்டம் 2015ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஒன்பது ஆண்டு தாழ்த்து வந்த அந்தச் சட்டம் சுகிர்தராஜனை எழுப்பித் தந்துவிடுமா?

நீதிமன்றம் சாட்சியைக் கொண்டே நடப்பது. சாட்சி இல்லாவிடத்து, நீதவான் எத்துணை நேர்மையாளராயினும் அவர் கை கட்டுண்டுவிடும். கொலைஞன் இதை நன்கு அறிவான். நாமே அறியாதிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை

திருகோணமலையில் நடந்தது தனியொரு நிகழ்ச்சியென்று எவரும் எண்ணற்க.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இரவு, ஊரடங்கு நடைமுறையில் இருந்த வேளையில், யாழ்ப்பாணத்திலே தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் யன்னலூடாகச் சுடப்பட்டார். வீட்டுக்குள் எறியப்பட்ட கைக்குண்டினால் பெற்றோரும் காயமுற்றனர். பீ.பீ.சி. தமிழோசைக்கும் பிற செய்தி நிறுவனங்களுக்கும் செய்தி அனுப்பி வந்தவர் அவர். அந்த மாதம் நடந்த பொதுத் தேர்தலின் முறைகேடுகளை வெளிப்படுத்தியதே அவர் கொலைக்குக் காரணம் எனப் பத்திரிகையாளர் அமைப்புகள் கருதின. சோதனைச் சாவடிகள் நிறைந்த நகரத்திலே, ஊரடங்கு வேளையிலே, ஆயுதத்தோடு நடமாடக் கூடியவர் யார் என்ற வினா அன்றே எழுந்தது. இருபது ஆண்டுக்கு மேல் வழக்கு இழுபட்டபின், 2021இல் சந்தேக நபர்களை விடுவிக்குமாறு சட்டமா அதிபர் பணித்தார். அதற்கு அடுத்த ஆண்டு, இக்கொலை தொடர்பாக இங்கிலாந்துப் பொலிஸார் அங்கே ஒருவரைக் கைது செய்து விசாரித்தனர். எமது நாட்டிலே மூடப்பட்ட கோவையை ஏழு கடலுக்கு அப்பால் ஒருவர் திறந்து பார்க்க நேர்ந்ததை என்னென்பது!

2004 மே 31ஆம் நாள் மட்டக்களப்பிலே ஐயாத்துரை நடேசன் வீழ்ந்தார். 2005 ஏப்ரல் 28ஆம் நாள் இரவு பம்பலப்பிட்டியிலே தர்மரத்தினம் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் அவருடைய உடல் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் கிடந்தது. 2006 மே 2ஆம் நாள் யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்துட் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைக் கொன்றனர். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அவ்வாண்டு அந்நாளுக்குரிய மாநாட்டை யுனெஸ்கோ நிறுவனம் கொழும்பிலேதான் நடத்திக்கொண்டிருந்தது. தலைநகரிலே பத்திரிகைச் சுதந்திரத்துக்கு மாலை. யாழ்ப்பாணத்திலே பத்திரிகை ஊழியர்களுக்கு மலர்வளையம்.

அவ்வாண்டு ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின், அச்சுக் காகிதமும் தட்டுப்பட்டது. பக்கங்கள் சுருங்கின. ஆயினும் பத்திரிகை நிற்கவில்லை. அந்தச் சில பக்கங்களிலேதான் காணாமற்போன பிள்ளையின் பெயரைத் தாய் தேடினாள் என்பதை இச்சபையிலே பலர் அறிவீர்கள்.

இது தமிழ்ப் பத்திரிகையாளருக்கு மட்டும் நேர்ந்த விதி என்று சொன்னால் நாம் உண்மைக்கு மாறாகப் பேசியவராவோம். 1990 பெப்ரவரியிலே, தெற்கிலே இளைஞர் இரத்தம் ஆறாக ஓடிய நாளில், ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டார். உடல் கடலில் ஒதுங்கிற்று. அவருடைய தாயார் வைத்தியர் மனோராணி சரவணமுத்து, மகனைக் கொண்டு சென்ற பொலிஸ் அதிகாரியைத் தொலைக்காட்சியில் அடையாளங் கண்டு அஞ்சாது சொன்னார். அவருக்கும் கொலை மிரட்டலே மறுமொழியாக வந்தது. 2009 ஜனவரி 8ஆம் நாள், 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க வேலைக்குச் செல்லும் வழியிலே பட்டப்பகலிற் கொல்லப்பட்டார். அவருடைய குறிப்பேடு ஒன்று பொலிஸார் கைக்குச் சென்று மறைந்தது. தம்மைப் பின்தொடர்ந்த வாகனத்தின் இலக்கத்தை அதிலே அவர் குறித்திருந்தார் என்பது விசாரணையாளர் கூற்று. சாட்சியம் மறைக்கப்பட்டமை தொடர்பில் 2018இல் பொலிஸ் உயரதிகாரி ஒருவர் கைதானார். 2025 ஜனவரியிலே சந்தேக நபர் மூவரை விடுவிக்கலாம் எனச் சட்டமா அதிபர் முடிவு செய்தார். எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே அம்முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2010 ஜனவரி 24ஆம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்ட பிரகீத் எக்னெலிகொட திரும்பவேயில்லை. அவருடைய மனைவி சந்தியா நீதிமன்ற வாசல்களிலே தேய்த்த செருப்புகளுக்குக் கணக்கில்லை.

தமிழில் எழுதியவருக்கும் சிங்களத்தில் எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் எழுதியவருக்கும் ஒரே தீர்ப்பு. தீர்ப்பு எழுதிய கைதான் ஒன்றோ பலவோ, அறியோம்.

சட்டம் யாரைப் பிடித்தது?

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். அது எமது தொழில்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள சுதந்திரத்தை ஒவ்வொரு குடிமகனுக்கும் அளிக்கிறது. அதற்கடுத்த 15ஆம் உறுப்புரை அச்சுதந்திரத்துக்கு வரம்பு கட்டுகிறது. வரம்பு இல்லாத வயல் இல்லை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ன செய்தது? முதலிலே தற்காலிகச் சட்டமாக வந்து, 1982இலே நிரந்தரமாகிவிட்ட அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழான குற்றங்களையும் அவற்றின் விசாரணையையும் பற்றிய செய்தியைத் தகுதிவாய்ந்த அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிப் பத்திரிகையில் வெளியிடலாகாது என்றது. கைதியை விசாரிப்பவரே விசாரணைச் செய்தியையும் அளந்து தருவாராயின், அச்செய்தியை நம்பி நாம் எந்தத் தீர்ப்புக்கு வரலாம்?

2009 ஓகஸ்ட் 31ஆம் நாள், பத்திரிகையாளர் ஜெ. எஸ். திஸ்ஸநாயகத்துக்கு இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கில மாத இதழொன்றில் அவர் எழுதிய இரு கட்டுரைகளின் சில வரிகள் அவருக்கு எதிரான முக்கிய சான்றாயின. உலகெங்கும் எழுந்த குரலுக்குப் பின், 2010இலே அவர் மன்னிப்பளித்து விடுவிக்கப்பட்டார்.

அன்பர்களே, இரண்டையும் தராசிலே வைத்துப் பாருங்கள். எழுதியவருக்கு இருபது ஆண்டு. எழுதியவரைக் கொன்றவருக்கு ஒரு நாள்கூட இல்லை. நாம் இங்கே பெயர் சொன்ன கொலைகளுள் ஒன்றுக்கேனும் கொலையாளி என்று ஒருவர் இந்நாட்டு நீதிமன்றத்திலே தண்டிக்கப்பட்டதில்லை. சட்டம் வலுவற்றது என்று சொல்வோர் உளர். அது தவறு. சட்டம் வலுவுடையதே. அந்த வலு எவர்மீது பாய்ந்தது என்பதே கேள்வி.

சாட்சியற்ற நிலம்

சாட்சிகளை ஒவ்வொருவராக அகற்றுவது ஒரு வழி. ஒரு நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் ஒருங்கே அகற்றிவிடுவது மற்றொரு வழி. வன்னியிலே நடந்தது அதுதான்.

2008 செப்ரெம்பரிலே தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. சுதந்திரமான செய்தியாளர் உள்ளே செல்ல விடப்படவில்லை. மறுபக்கத்திலே, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் அவர்களுடைய கருத்துக்கு மாறான செய்திக்கு இடமிருக்கவில்லை. இரு பக்கமும் கதவு அடைபட்ட அந்த நிலத்திலே, 2009 மே மாதம் வரை என்ன நடந்தது? பொதுமக்களுக்கு இழப்பே இல்லாத போர் என்றது அரசு. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவோ, கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என 2011இலே கூறிற்று.

இல்லை என்பதற்கும் நாற்பதினாயிரம் என்பதற்கும் இடையே எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள்! எமது ஊரிலே மாடொன்று செத்தாலும் கணக்கு உண்டு. நெல்மூடைக்குக் கணக்கு உண்டு. மனிதருக்குக் கணக்கில்லாமற் போனது, எண்ணுவதற்குரியவர் அங்கே நிற்க விடப்படாமையாலன்றோ? சாட்சி இல்லாத இடத்திலே இறந்தவர்கள் இரண்டாம் முறையும் இறக்கிறார்கள். முதலிலே உயிர் போகிறது. பின்பு அவர் இருந்தார் என்பதே வழக்குக்குரிய பொருளாகிவிடுகிறது.

எம்மவர் குற்றத்தையும் சொல்வோம்

இங்கே நாம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், இதுவரை சொன்னதும் பொய்யாகிவிடும்.

2004 ஓகஸ்டிலே பாலநடராஜ ஐயர் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் தமிழில் எழுதியவரே. 2005 ஓகஸ்டிலே ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜாவும் அவர் கணவரும் கொல்லப்பட்டனர். இக்கொலைகளுக்கு விடுதலைப் புலிகள் மீதே பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அப்போது எத்தனை இரங்கற் கூட்டம் வைத்தோம்? "அவர் மாற்று இயக்கத்தோடு சேர்ந்தவர்" என்று சொல்லி நகர்ந்தவர்கள் எம்மிடையே இல்லையா?

எமக்கு ஒவ்வாத கருத்தைச் சொன்னவர் கொல்லப்படும்போது மௌனமாயிருந்தவன், தனக்கு வேண்டியவர் கொல்லப்படும்போது நீதி கேட்கும் தகுதியிலே பாதியை இழந்துவிடுகிறான். எதிர்த் தரப்புச் சாட்சியை மிரட்டிய கட்சிக்காரனுக்காக எந்த நேர்மையான சட்டத்தரணியும் வாதாட எழமாட்டான். எமது மக்களின் வழக்கு உலக மன்றத்திலே நிற்கவேண்டுமாயின், அது சுத்தமான கையோடு நிற்கவேண்டும்.

வதந்தியின் ஆட்சி

செய்தி அடைபட்டால் ஊர் அமைதியாகிவிடும் என்று ஆட்சியாளர் எண்ணுகின்றனர். நடப்பது அதற்கு நேர்மாறு. செய்தி போன வழியிலே வதந்தி வந்து குடியேறுகிறது.

1958ஆம் ஆண்டுக் கலவரத்திலே, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பிலே சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்றொரு கதை தெற்கிலே தீயாகப் பரவிற்று. அப்படி ஓர் ஆசிரியை மட்டக்களப்பிலே இருக்கவேயில்லை. இல்லாத ஒருத்தியின் பெயரால் இருந்தவர் பலர் வெட்டுண்டனர். 2018 பெப்ரவரியிலே அம்பாறையில், உணவிலே மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு பொய் கைத்தொலைபேசி வழியே பரவிற்று. அடுத்த மாதம் கண்டி திகனப் பகுதியிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வன்செயலுக்குத் தமது தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இலே மன்னிப்புக் கோரிற்று. அறுபது ஆண்டு இடைவெளியில் மாறியது வதந்தியின் வாகனம் மட்டுமே.

ஆதலின் பத்திரிகையாளர்க்கும் ஒரு சொல் உண்டு. சாட்சிக்கு அழகு துணிவு மாத்திரமல்ல. பொய் கலவாமையும் ஆகும். குறுக்கு விசாரணையிலே ஒரு பொய் பிடிபட்டால், அவன் சொன்ன ஒன்பது உண்மையும் அதனோடு கரைந்துவிடும். கேட்டதைக் கண்டதாக எழுதாதீர். இறந்தவர் தொகையைக் கூட்டாதீர், குறைக்கவும் வேண்டாம். படைத் தரப்பின் அறிக்கையாயினும் எமது தரப்பின் அறிக்கையாயினும், அறிக்கை என்றே சொல்லி வெளியிடுக. உமது எழுத்து நாளை ஒரு தாய் நீதிமன்றிலே நீட்டப்போகும் ஆவணம் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள்.

கமக்காரருக்கு இதில் என்ன?

"துவக்கும் அரசியலும் படித்தவர்களின் பாடு, எமக்கு மண்வெட்டி போதும்" என்று எண்ணும் கமக்காரர் ஒருவரேனும் இங்கே இருக்கக்கூடும். அவரிடம் ஒன்று கேட்கிறோம். உமது காணியை உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைத்தபோது அதை உலகுக்குச் சொன்னவர் யார்? 2021ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டு, பயிர் மஞ்சளாகி நின்றபோது, வயலுக்குள் இறங்கிப் படமெடுத்தவர் யார்? அந்தக் குரல் எழுந்தபடியாலன்றோ அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்ந்தது!

2020 ஒக்டோபரிலே முல்லைத்தீவிலே, களவாகக் காட்டு மரம் தறிப்பதைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற இரு செய்தியாளர் அடித்துக் காயப்படுத்தப்பட்டனர். காடு போனால் மழை போகும், குளம் தூரும், வயல் காயும். அவர்கள் வாங்கிய அடி உமது வயலுக்காக வாங்கிய அடியாகும். 2025ஆம் ஆண்டிலே செம்மணிப் புதைகுழியின் அகழ்வைப் படமெடுத்து வந்த முல்லைத்தீவுச் செய்தியாளர் ஒருவர், அவ்வாண்டு ஓகஸ்டிலே பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸாரால் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். துவக்குச் சத்தம் ஓய்ந்து பல ஆண்டு ஆயிற்று. கண்டவரை அழைத்து விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

நாம் செய்யவேண்டியவை

அரசிடம் நாம் கேட்பன தெளிவானவை. மூடப்பட்ட கொலைக் கோவைகளைத் திறத்தல் வேண்டும். அரசின் வழக்குகளையும் அரசுக்கு எதிரான வழக்குகளையும் ஒரே அலுவலகம் கையாளும் முறை ஒழிந்து, தனித்தியங்கும் வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும். எழுத்தைப் பயங்கரவாதமாகக் காட்டும் சட்டம் எப்பெயரோடு வந்தாலும் அது நீங்கவேண்டும். சாட்சிப் பாதுகாப்பு, சாட்சி அஞ்சும் அதே பொலிஸாரின் கையிலே விடப்படலாகாது.

ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருப்பது மட்டும் எமது கடமையன்று. எமது கையால் ஆவன பல உள.

சட்டத்தரணிகள், செய்தியாளர் ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டால் கட்டணம் பேசாது அவரோடு செல்லவேண்டும். வைத்தியர்கள், கண்ட காயத்தைக் கண்டபடியே எழுதவேண்டும். திருகோணமலை மாணவரின் உடலிலே துப்பாக்கிக் காயம் இருந்ததென மருத்துவப் பரிசோதனையும் காட்டியதை மறவற்க. ஆசிரியர்களும் அலுவலர்களும் திகதியும் நேரமும் வாகன இலக்கமும் குறிக்கும் பழக்கத்தை ஊரிலே வளர்க்கவேண்டும். கமக்காரர், தமக்கு நேர்ந்ததைத் திண்ணையிலே சொல்லி ஆறிவிடாது, முறைப்பாட்டுப் பிரதியைப் பத்திரமாக வைத்துப் பெயரோடு சொல்ல முன்வரவேண்டும். மாவட்டச் செய்தியாளர் பலர் நியமனக் கடிதமுமின்றி, வெளிவரும் செய்திக்கு மட்டும் சிறுகூலி பெற்று உழைப்பவர்கள். அவர்களைக் கலியாண வீட்டுக்குப் படமெடுக்க அழைக்கும் ஊர், ஆபத்து வரும் நாளிலே அவர்கள் வீட்டைத் திரும்பிப் பாராதிருத்தல் நன்றோ? பத்திரிகையைக் கடையிலே இரவல் வாங்கிப் படிக்காது, விலை கொடுத்து வாங்குங்கள். வாசகரின் காசில் நிற்காத பத்திரிகை வேறு எவரோ ஒருவரின் காசில் நிற்கவேண்டி வரும்.

அந்த வழக்கின் முடிவு

தொடக்கத்திற் சொன்ன எல்லை வழக்குக்கு வருவோம். முதல் தவணைக்கு அந்தச் சீவல் தொழிலாளர் வரவில்லை. நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். "ஐயா, கண்டது உண்மை. வழக்கு முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் நாளைக்கும் தனியாகத்தானே பனையிலே ஏறவேண்டும்?" என்று கேட்டார். எமக்கு மறுமொழி இருக்கவில்லை. சட்டப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

மறுமொழி சொன்னது ஊர். காணிக்காரர் வீடு வீடாகச் சென்று பேசினார். அந்தத் தொழிலாளரைத் தம் திண்ணையிலே இருத்தியிராத குடும்பத்தவரும் அன்று வெட்கப்பட்டனர். அடுத்த தவணைக்கு அவர் வந்தபோது, ஊரவர் பதினான்கு பேர் அவரோடு பேருந்தில் வந்து இறங்கினர். அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பதினான்கு பேரும் பின்வாங்கில் அமர்ந்திருந்தனர். கண்டதைச் சொன்னார். கல் பழைய இடத்துக்கே திரும்பிற்று. அதன்பின் அவர் பல காலம் பனையேறினார். எவரும் அவர் வாசலுக்கு இரவில் வரவில்லை.

நிமலராஜனும் சிவராமும் சுகிர்தராஜனும் லசந்தவும் தனித்து ஏறினர். கீழே எவரும் நிற்கவில்லை. இன்றும் இந்நாட்டிலே உயர ஏறி நின்று பார்ப்போர் இருக்கின்றனர். அவர்களுட் பலர் எமது பிள்ளைகளின் வயதினர். அவர்கள் நாளை சாட்சிக் கூண்டில் ஏறும்போது, பின்வாங்கிலே அமர்வதற்கு எம்மில் எத்தனை பேர் வருவோம்?

அந்த வினாவை உங்களிடம் ஒப்படைத்து அமர்கிறோம்.